43 வயதில் முதலிடம்: போபண்ணாவும் நம் ஊர் மூத்தவர்களும்



குருவிட்டப் பக்கத்தில் டென்னிஸ் என்றால் மென்பந்து கிரிக்கெட்டுக்குக் கடையில் வாங்கும் பந்துதான் நமக்கு ஞாபகம் வரும். அந்த விளையாட்டை இருந்து பார்ப்பவர்கள் நம்மில் குறைவு. என்றாலும் 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்த ஒரு டென்னிஸ் வீரரைப் பற்றி இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். கடைசியில் நம் ஊருக்கான ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

அவர் பெயர் ரோஹன் போபண்ணா. 1980 மார்ச் 4ஆம் திகதி பிறந்தவர். கர்நாடக மாநிலத்தின் குடகு மலைநாட்டில் கோப்பித் தோட்டக் குடும்பம். மழையும் மலையும் தோட்டமும் நம்மைப் போலவே அவருக்கும் பழக்கம். ஆனால் அவர் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை, லயத்துப் பிள்ளை இல்லை. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

நம்மில் சிலர் அவர் பெயரை 2010இலேயே கேள்விப்பட்டிருப்போம். அந்த ஆண்டு பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த ஐசாம் உல் ஹக் குரேஷியோடு சேர்ந்து அமெரிக்கப் பகிரங்க டென்னிஸ் இரட்டையர் இறுதிப் போட்டி வரை போனார். போர் வேண்டாம், டென்னிஸ் ஆடுவோம் என்ற செய்தியை இருவரும் போகுமிடமெல்லாம் கொண்டு போனார்கள். அந்த இறுதிப் போட்டியைப் பார்க்க ஐக்கிய நாடுகள் சபையில் இருந்த இரண்டு நாட்டுத் தூதுவர்களும் வந்தார்கள். அமெரிக்காவின் பிரயன் சகோதரர்களிடம் தோற்றார்கள். ஆனாலும் அந்த ஜோடியை உலகம் மறக்கவில்லை.

2013இல் போபண்ணா இரட்டையர் தரவரிசையில் 3ஆம் இடத்துக்கு வந்தார். 2017இல் கனடாவின் கப்ரியேலா டப்ரவ்ஸ்கியோடு பிரெஞ்சுப் பகிரங்கக் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். அப்போது வயது 37. மற்றவர்கள் மட்டையை வைத்துவிட்டுப் பயிற்சியாளராகும் வயது. இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடிவு போலத்தான் இருந்தது. முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்து போயிருந்தது. வலி மாத்திரை விழுங்கி விழுங்கி ஆடினார். 2021இல் மாதக்கணக்கில் ஒரு போட்டியும் வெல்லவில்லை. ஊர் ஊராகப் போவதும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவதுமாக இருந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்ததை அவரே பின்னாளில் மேடையில் சொன்னார்.

அவர் விடவில்லை. கொவிட் காலத்தில் தொடங்கிய யோகாசனப் பயிற்சியைத் தொடர்ந்து செய்தார். முழங்கால் புதிதாகிவிடவில்லை. ஆனால் வலி குறைந்தது, மாத்திரை குறைந்தது.

2023 ஜனவரி 27ஆம் திகதி மெல்போர்னில் அவுஸ்திரேலியப் பகிரங்கக் கலப்பு இரட்டையர் இறுதிப் போட்டி. போபண்ணாவுக்கு 42 வயது. பக்கத்தில் நின்றவர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஹைதராபாத்தின் சானியா மிர்சா, வயது 36. அதுதான் சானியாவின் கடைசி கிராண்ட் ஸ்லாம் தொடர். அவருக்கு 14 வயதாக இருந்தபோது முதன்முதலில் கலப்பு இரட்டையரில் ஜோடி சேர்ந்ததும் இதே போபண்ணாதான். சானியாவின் சின்ன மகன் பார்வையாளர் பக்கம் இருந்தான். தோற்றார்கள். பரிசளிப்பில் பேசும்போது சானியாவுக்குக் கண் கலங்கியது. அடுத்த மாதமே டுபாயில் முதல் சுற்றில் தோற்று விடைபெற்றார். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த முதல் தொடரிலேயே, 2020 ஜனவரியில், ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டம் வென்ற பெண் அவர் என்பதையும் நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

சரியாக ஒரு வருடம் போனது. 2024 ஜனவரி 27. அதே மெல்போர்ன். போபண்ணா அவுஸ்திரேலியாவின் மத்தியூ எப்டனோடு ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார். ஆண்கள் இரட்டையரில் அவர் வென்ற முதல் கிராண்ட் ஸ்லாம் அது. இரண்டு நாளில் தரவரிசையில் உலக முதலிடம். 43 வயதில் முதல்முறையாக அந்த இடத்தைத் தொட்டவர் அவருக்கு முன் யாரும் இல்லை. 44 வயது பிறந்த அதே மார்ச்சில் மியாமியிலும் பட்டம்.

இது எப்படி நடந்தது? இளமை திரும்பி வந்ததா? இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஆடுகளத்தின் அகலம் 27 அடி, அத்தனையையும் ஒருவரே ஓடிக் காக்க வேண்டும். இரட்டையரில் அகலம் 36 அடி. ஆனால் இருவர் நிற்பதால் ஆளுக்கு 18 அடிதான். ஒற்றையரில் இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை சேர்வ் போட வேண்டும், இரட்டையரில் நான்குக்கு ஒருமுறை. கால் ஓடவேண்டிய தூரம் குறைகிறது. அதற்குப் பதிலாகக் கண்ணும் அனுபவமும் வேலை செய்கின்றன. எதிராளியின் தோள் திரும்புவதை வைத்தே பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆடியிருக்க வேண்டும். தன்னால் எட்ட முடியாத பந்தை எப்டனுக்கு விட்டார். எப்டனால் ஊகிக்க முடியாததை இவர் ஊகித்தார்.

நம் சப்ரகமுவைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கேகாலை மாவட்டத்து வரக்காப்பொலைப் பக்கம் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 1997இல் ஏதென்ஸ் உலகச் சம்பியன்ஷிப்பில் 200 மீற்றரில் வெள்ளி வென்றார். 2000இல் சிட்னி ஒலிம்பிக் பதக்கம். பிறகு காயம், சர்ச்சை, தளர்வு. அவர் கதை முடிந்தது என்று பலரும் பேசினார்கள். 2007இல் ஒசாக்காவில், 31 வயதில், அதே 200 மீற்றரில் வெண்கலம் எடுத்தார்.

இதில் நாம் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. மியாமிக்குப் பிறகு போபண்ணாவுக்குப் பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. அதே 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜியோடு ஆடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். பிறகு அதிகமும் தோல்விகள்தான். வயது நின்றுவிடவில்லை, கொஞ்சம் வழிவிட்டது. அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தில் அவருக்கு ஆட ஒரு பாதிக் களமும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தது.

நம் மூத்தவர்களுக்கு அது இருக்கிறதா?

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் பிள்ளைகளின் பாட்டிமாரைப் பாருங்கள். எந்தத் துளிரை எடுப்பது, எதை விடுவது என்று இளம் கைகளை விட அவர்களுக்குத் தெரியும். ஆனால் தராசுக்குக் கிலோதான் தெரியும். எடை குறைந்தால் அரைப்பேர். முப்பது நாற்பது வருடம் முழுப்பேர் போட்டவருக்கு ஒருநாள் அரைப்பேர் விழும்போது காசு மட்டும் குறைவதில்லை, மனசும் உடைகிறது.

எங்கள் ஆசிரியர் தொழிலிலும் 60 வயதானால் ஓய்வு. பிரியாவிடை, பூமாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம். அடுத்த திங்கட்கிழமை அவர் வீட்டு விறாந்தையில் இருப்பார். நேற்றுவரை ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்ததும் பின்னத்தில் பிழையா, பெருக்கலில் பிழையா என்று கண்டுபிடித்தவர். இன்று பேப்பரை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருக்கிறார். முழு நாளும் நின்று கற்பிக்க அவரால் முடியாது என்பது உண்மை. அதற்காக ஒன்றுமே முடியாது என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

பள்ளியில் நாம் அப்படிச் செய்வதில்லையே. நின்று தொழ முடியாதவர் கதிரையில் இருந்து தொழுகிறார். அதே ஸஃப்பில், நமக்குப் பக்கத்தில். அவருடையதை யாரும் அரைத் தொழுகை என்று சொல்வதில்லை. உடம்புக்கு ஏற்ற சலுகையையும் வரிசையில் இடத்தையும் சேர்த்தே மார்க்கம் கொடுத்திருக்கிறது. அந்தப் பாடத்தைப் பள்ளிக்கு வெளியிலும் கொண்டு வரலாம் அல்லவா?

வேண்டுகோள் இதுதான். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு, அஸருக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் இலவசக் கணித வகுப்பு நடத்த ஆசிரியர்கள் சிலர் பேசியிருக்கிறோம். எந்தச் சமூகத்துப் பிள்ளையும் வரலாம். ஒரு வகுப்பில் இருவர் இருப்பார்கள். கரும்பலகையில் எழுதுவதும் வகுப்பைச் சுற்றி நடப்பதும் இளம் ஆசிரியரின் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்த இடத்தில் இருந்து கொப்பிகளைப் பார்ப்பார், பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று சொல்வார். ஒருநாள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம். ஒரு படிமுறை மறந்தும் போகலாம். அப்போது மற்றவர் பார்த்துக்கொள்வார். தினமும் அபாரமாகக் கற்பிக்க வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ஆசிரியர்கள் மட்டுமல்ல. கணக்கு எழுதிய முதலாளிமார், தபால் கந்தோரில் இருந்தவர்கள், தோட்டத்துக் கணக்குப்பிள்ளைமார், யாராக இருந்தாலும் நல்லது. உங்கள் வாப்பாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டு ஐயாவோ விருப்பப்பட்டால் இன்பொக்ஸில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

கதிரையை நாங்கள் கொண்டு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.