மிளகு ஜாடி

ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள் முதலில் நான்கு காபிச் செடி வைப்பார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து இருக்கும் வழக்கம். நான் மிளகு வைத்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. வீட்டைச் சுற்றி ஏழெட்டு சில்வர் ஓக் மரங்கள் சும்மா நின்றன. 2014இல் தபால் இலாகாவிலிருந்து ஓய்வுபெற்ற நானும் சும்மாதான் நின்றேன்.

2015 மழைக்காலத்தில் மரத்துக்கு இரண்டு நாற்று நட்டோம். 2019 மார்ச்சில்தான் சொல்லிக்கொள்ளும்படி காய்த்தது. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும் என்றார் நாகலூரிலிருந்து வேலைக்கு வரும் அம்மா. பறித்து, மிதித்து உதிர்த்து எடை போட்டால் பச்சை மிளகு 18 கிலோ! மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகு தேறும். ஆக 6 கிலோ.

அந்தப் பங்குனியில் சேலத்தில் அக்கா பேத்தியின் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். என் முதல் விளைச்சலை ஜாடியில் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது. செவ்வாய்பேட்டைக்குப் போய், மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக, நம் பாட்டி ஊறுகாய் போட்டு வைப்பாரே, அதே மாதிரி பீங்கான் ஜாடிகள் ஐந்து வாங்கினேன். ஜாடிக்கு ஒரு கிலோ, வீட்டுக்கு ஒரு கிலோ என்பது கணக்கு.

கடைக்காரர் ஜாடியைத் தட்டிக் காட்டிவிட்டு, “ஜாடி இருக்கட்டும் சார், மிளகு காஞ்சிருச்சா?” என்றார். “காயுது, காயுது” என்றேன்.

உண்மையில் மூன்று நாள் வெயில்தான் கிடைத்தது. நான்காம் நாள் கோடை மழை. அதன் பிறகு மூடுபனி. மணிகள் கறுத்துச் சுருங்கியிருந்தன, பார்க்க அசல் கடை மிளகு. நாகலூர் அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, “சத்தம் வரலைங்களே, இன்னும் ரெண்டு வெயில் காட்டுங்க” என்றார். கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. மணம் போய்விடக் கூடாதென்று ஜாடிகளை வாய்வரை நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்தேன். கல்யாணத்தில் கொடுத்தபோது எல்லோரும் முதலில் ஜாடியைத்தான் பாராட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். என் ஜாடியில் உப்பு நார்த்தங்காய் இருந்தது. அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் கடையில் வாங்கிய மிளகு பாக்கெட்.

“மிளகு தீந்துபோச்சாக்கா?”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. “தம்பி, மனசுல வச்சுக்காதே. திறந்தா வெள்ளையா பூஞ்சை. உங்க மாமா இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவரு. அவருக்கு அதுல ரசம் வைக்கப் பயமா இருந்தது. கொட்டிட்டேன்.”

மலை ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்குத் தெரியவில்லை. மற்ற நான்கு ஜாடிகளும் நான்கு வீட்டில் இருந்தன. பூஞ்சை பிடித்த மிளகைக் கழுவினாலும், மறுபடி வெயிலில் போட்டாலும் அதிலிருக்கும் நஞ்சு போகாது. அன்று ராத்திரியே நான்கு வீட்டுக்கும் போன் செய்து, “நான் கொடுத்த மிளகைக் கொட்டிவிடுங்கள்” என்றேன். 34 வருஷம் தபால் இலாகாவில் எத்தனையோ கெட்ட செய்தித் தந்தி அனுப்பியிருக்கிறேன். இந்த நான்கு போன் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வீட்டில் ஏற்கெனவே கொட்டியிருந்தார்கள். என்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் வீட்டு ஒரு கிலோ மட்டும் நன்றாக இருந்தது. என் மனைவி அதை ஜாடியில் போடவே இல்லை. வெயில் வந்தபோதெல்லாம் முறத்தில் கொட்டிக் காயவைத்திருக்கிறாள். “உங்களுக்கு ஜாடி மேலதான் கண்ணு” என்றாள். மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த தடவை செவ்வாய்பேட்டை போனபோது கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஜாடி காயவைக்காது சார். உள்ள என்ன போடறீங்களோ அதைக் காக்கும். ஈரத்தைப் போட்டா ஈரத்தைக் காக்கும்” என்றார். ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி மிளகு, ஒரு ஸ்பூன் உலர்ந்த தூள் உப்பு போட்டு நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலில் ஒட்டிக்கொண்டால் மிளகில் ஈரம் இருக்கிறது. உதிர்ந்து கிடந்தால் போட்டு வைக்கலாம்.

இப்போது என் முறை இது. பறித்த மிளகைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துக் காயவைக்கிறேன். நிறம் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரமும் காயும். பல்லில் வைத்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். பிறகு உப்புச் சோதனை. அதிலும் தேறினால் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் முக்கால்வாசி மட்டும் நிரப்புகிறேன். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தால் மறுபடி முறத்துக்குப் போகும். பீங்கானில் இது கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கில் வேறு சாமான் போட்ட பழைய வாசனை விடாது. கண்ணாடிக்கும் ஒரு குறை உண்டு, வெளிச்சம் ஆகாது. அதனால் பாட்டில்கள் இருட்டு அலமாரியில்தான் இருக்கும்.

இந்த வருஷம் அக்காவுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். லேபிள் சுரண்டிய தடம்கூட அதில் போகவில்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு மணியை எடுத்துக் கடித்தாள். எனக்கே சத்தம் கேட்டது.

“பாட்டில் நல்லாவே இல்லை தம்பி,” என்றாள். “மிளகு நல்லா இருக்கு.”