டோக்கியோவிலிருந்து கோபே வரை

பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பலமுறை அழைக்கிறது. அவ்வழைப்பை மனத்திற்கொண்டு, டோக்கியோவிலிருந்து கோபே நகர் வரை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் காரிலேயே கடந்தோம். அதிவேக ரயில் மூன்று மணி நேரத்திற்குள் கொண்டுசேர்த்துவிடும். ஆயினும் ஒரு சமுதாயத்தின் இயல்பு சாலையோரத்தில்தான் புலப்படும்.

இப்பாதை பழைமையானது. 1601ஆம் ஆண்டில் தொகுகவா இயேயாசு என்ற ஆட்சியாளர் 'தொக்கைதோ' என்னும் பெருவழியை ஒழுங்குபடுத்தினார். அன்று எதோ எனப்பட்ட டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே 53 தங்குநிலைகள் இருந்தன. ஹகோனே மலையில் வழிப்போக்கரைச் சோதித்த சாவடியைப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

3,776 மீட்டர் உயர ஃபுஜி மலையைக் கண்டவாறே ஷிஸுவோகாவின் தேயிலைத் தோட்டங்களை அடைந்தோம். அங்கே சிற்றூர்ச் சாலையோரம் ஒரு கடை. பலகைத் தட்டில் காய்கறிகள், பக்கத்தில் ஒரு காசுப் பெட்டி. விற்பவர் எவருமில்லை! வருவோர் விலைக்குரிய நாணயத்தைப் பெட்டியில் இட்டுப் பொருளை எடுத்துச் செல்கின்றனர். அமானிதம் பற்றி நாம் மேடைதோறும் பயான் செய்கிறோம். அங்கே அது பேச்சின்றி நடக்கிறது.

தங்கும் விடுதிகளிலும் வீடுகளிலும் வாசலிலேயே காலணியைக் கழற்றி, முனை வெளிப்புறம் நோக்கத் திருப்பி வைக்கின்றனர். நெடுஞ்சாலை ஓய்விடங்களின் கழிப்பறைகளிலும் தூய்மை குறையவில்லை. ஒளுச் செய்யத் தடையில்லை. மேற்குக்குச் சற்று வடக்கே கிப்லாவை நோக்கி, ஓர் ஓரமாகக் கஸ்ராகத் தொழுதுகொண்டோம்.

உணவில் மட்டும் மிகுந்த விழிப்பு வேண்டும். காய்கறி உணவென்று தோன்றுவதிலும் பன்றிக் கொழுப்போ, 'மிரின்' என்னும் இனிப்பான அரிசி மதுவோ கலந்திருக்கலாம். கேட்டறிந்தே உண்ண வேண்டும். வெறுஞ்சோறும் உப்பிட்டுச் சுட்ட மீனும் பழங்களும் எங்களுக்குப் போதுமானவையாயின.

கோபேயில் 1935இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஜப்பானின் முதற் பள்ளிவாசல் என்று போற்றப்படும் அதற்கு, அந்நகரில் வாழ்ந்த இந்திய முஸ்லிம் வணிகரும் தாத்தாரிய முஸ்லிம்களும் பொருளுதவி செய்தனர். 1945ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் சுற்றுப்புறம் கருகியபோதும், 1995 ஜனவரி 17ஆம் நாள் 6,400க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பூகம்பத்தின்போதும் அல்லாஹ்வின் அருளால் அது நிலைத்து நின்றது.

பிழைப்புத் தேடிச் சென்ற அவ்வணிகர்கள் அந்நிய மண்ணில் ஓர் இறையில்லத்தை விட்டுச் சென்றார்கள். இன்று நம் பிள்ளைகளும் கடல் கடந்து செல்கின்றனர். நேர்மையையும் தூய்மையையும் நாள்தோறும் பேணும் அம்மக்கள், நம்மவரின் நடத்தையைக் கொண்டே நம் மார்க்கத்தை அளப்பார்கள். பெட்டி கட்டும்போதே பெற்றோர் பிள்ளைகளுக்கு இதை நினைவூட்டி அனுப்புவார்களாக!