டிஷ்யூ பாக்கெட் பட்டா!

சிங்கப்பூருக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போன புதிதில், எனக்கு 'குட்மார்னிங்' சொல்ல ஆபீஸில் இருபது பேர். பேச? ஒருத்தர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் திரும்பின பக்கமெல்லாம் தமிழ்க் குரல், மனசு நிறைந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி தனி மரம்!

கை கொடுத்தது லாவ் பா சாட். 1894-ல் திறந்த எண்கோணச் சந்தை; வார்ப்பிரும்புத் தூண்களுக்கு நடுவே இப்போது சாப்பாட்டுக் கடைகள். மத்தியானம் சுற்றுவட்டார ஆபீஸ் கூட்டமெல்லாம் அங்கேதான். மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் போதும், இடம் நம்முடையது. பட்டா, பத்திரம் எதுவும் வேண்டாம்!

ஒருநாள் சீக்கிரமே போய் ஆபீஸ்காரர்கள் நாலு பேருக்கும் சேர்த்து பாக்கெட் போட்டேன். மறுநாளிலிருந்து நானும் செட்டில் ஒருவன். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாத காபி என்பதிலிருந்து உள்ளூர் ஜி.எஸ்.டி. நுணுக்கம் வரை அந்த மேஜையில்தான் பாடம்.

பிறகு கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியது. அங்கே வேலை போனால் எம்ப்ளாய்மென்ட் பாஸும் போச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான். "எங்க பழைய ஆபீஸ்ல ஆள் தேடறாங்க" என்று காதில் போட்டவர், நான் இடம் பிடித்துக் கொடுத்த சீனப் பெரியவர்!

ஆகவே மக்களே, ஊறுகாய் பாட்டிலோடு நாலு டிஷ்யூ பாக்கெட்டும் எடுத்துப் போங்கள்!