பனிப்புயலுக்கு முன், பஃபலோவிலிருந்து

அன்புத் தோழிக்கு,

இன்று ராத்திரி புயல் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் ரொட்டியும் பாலும் மத்தியானமே தீர்ந்துவிட்டன. பனி அள்ளும் ஷவலை வாசலிலிருந்து எடுத்துக் கதவுக்கு உள்ளே வைத்தாயிற்று. ஆனால் நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவின் அவசரம் வேறு. பேத்திக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்க வேண்டிய குவில்ட் போர்வை இன்னும் மேஜைமேல் கிடக்கிறது. கரண்ட் போவதற்குள் மெஷின் வேலையை முடித்துவிட வேண்டும், மிச்சத்தை பாட்டரி விளக்கில் கையாலேயே தைத்துக்கொள்ளலாம் என்று விடிந்ததுமே உட்கார்ந்துவிட்டார்.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. 'லாக் கேபின்' என்ற மாதிரியில் தைத்திருக்கிறார். 1860களிலிருந்து அமெரிக்கப் பெண்கள் தைத்துவருவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்னச் சிவப்புச் சதுரம். அதுதான் வீட்டின் கணப்பு என்பார்கள். அதைச் சுற்றி, மரவீட்டுக்குக் கட்டை அடுக்குவதுபோல் துணிப்பட்டைகள். ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி அடர் நிறம். விரலகலத் துணிகூட வீணாகாது. பழைய சட்டை, மேஜை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் இதில் இருக்கின்றன.

மிச்சமிருப்பது விளிம்பு. இரண்டரை அங்குலப் பட்டையை இரண்டாக மடித்து, முன்பக்கத்தில் மெஷினால் ஓட்டி, பின்பக்கம் திருப்பிக் கையால் மறைதையல் போட வேண்டும். மூலைதான் கஷ்டம். முனைக்குக் கால் அங்குலம் முன்னால் தையலை நிறுத்தி, பட்டையை மேலே மடித்து, மறுபடி கீழே இறக்கி அடுத்த பக்கம் தொடங்குகிறார். திருப்பிப் பார்த்தால் மூலையில் சாய்வாக ஒரு மடிப்பு, கத்தியால் கோடு கிழித்த மாதிரி! நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுக்கிறேன்.

இந்த ஊருக்கு இவ்வளவு பனி வர ஈரி ஏரிதான் காரணம். குளிர்ந்த காற்று ஏரியின் நீளவாக்கில், தென்மேற்கிலிருந்து, இன்னும் உறையாத தண்ணீரின்மேல் ஓடிவரும். வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்குக் கோடியிலிருக்கும் பஃபலோமேல் கொட்டிவிடும். ஏரி உறைந்துவிட்டால் அது குறையும். இப்போது உறையவில்லை.

ரொட்டிக்குக் கூட்டம் கூடுவதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. 2022 டிசம்பர் 23 அன்று தொடங்கிய புயல் கிறிஸ்துமஸையே விழுங்கிவிட்டது. இந்த மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், சிலர் காருக்குள்ளேயே. பக்கத்து சீக்டொவாகாவில் பனியில் மாட்டிக்கொண்ட ஒரு மெக்கானிக், பள்ளிக்கூட ஜன்னலை உடைத்து உள்ளே போய், வழியில் சிக்கியிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். போகும்போது, உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டும் எழுதி வைத்தார். இங்கே அந்தக் கதையைத் தெரியாதவர் இல்லை. எனக்கு அந்த ஒரு சீட்டுக்காகவே இந்த ஊரைப் பிடித்துவிட்டது.

மூன்று பக்கம் முடிந்துவிட்டது. நான்காவதில் ஒரு முழம் பாக்கி. காற்று எழும்பிவிட்டது, குழாய் உறையாமலிருக்கத் தண்ணீரைச் சொட்டவிட்டிருக்கிறோம்.

ஒரு காரியம் செய். உன் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிடாதே. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி இந்தத் தையலுக்கு அவ்வளவு பொருந்தும். அதிலும் அந்தச் சிவப்புச் சேலையைப் பத்திரமாக எடுத்து வை. வந்ததும் முதலில் நடுச்சதுரங்களை வெட்டுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி