ஒரு ஜாடி மாவடு, ஒரு மாதத்துக்குப் பதிவு

ஊறுகாய் போடுவதும் நான், பார்சல் கட்டுவதும் நான், விளம்பரமும் நானேதான். தினமும் புதிதாக என்ன பதிவு போடலாம் என்று யோசிக்க உட்கார்ந்தால் அடுப்பு வேலை கெட்டுப்போகும். அதனால் ஊறுகாய் போடும் அன்றே பதிவுகளுக்கும் சேர்த்துப் படம் பிடித்துவிடுகிறேன்.

மாசி, பங்குனி மாவடுக் காலம். காம்புள்ள வடுவாகப் பொறுக்குவது, விளக்கெண்ணெய் தடவிப் பிரட்டுவது, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் போட்டு ஜாடியைக் குலுக்குவது எல்லாம் ஒரே வீடியோவில் வந்துவிடும். குலுக்கும் காட்சியை மட்டும் வெட்டினால் ஒரு ரீல்ஸ். வடு நாளுக்கு நாள் சுருங்குவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும், தைரியமாகத் திரும்பவும் போடலாம். “ஈரக் கரண்டி போட்டா என்னங்க ஆகும்?” என்று ஒரு அக்கா கேட்டார். “பூஞ்சை பிடிச்சிடும்க்கா” என்ற பதில் முகநூல் பதிவானது, பாட்டில் லேபிளிலும் ஏறியது.

அடுத்த தை பிறந்ததும் இதே வீடியோவைப் போட்டு முன்பதிவு வாங்கலாம். ஆடியில் போட்டால் லைக் வரும், விற்க வடு இருக்காது.

போட்டதையே போடுகிறோமே என்று கூச்சப்படாதீர்கள். போன தடவை அதைப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.