மாணிக்கக் குழியில் நீர்யானைப் பல்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் மலையை வெட்டி ரோட்டுப் போட்ட இடங்களில் பாறையை உற்றுப் பார்த்தால், சில வேளை சிவப்புப் பொட்டுகள் தெரியும். அவை கார்னெட் மணிகள். ஆனால் சிப்பியோ எலும்போ தேடினால் ஒன்றும் அகப்படாது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது, பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை இது. எலும்புள்ள உயிர்களே அப்போது தோன்றியிருக்கவில்லை.

அந்த வேக்காட்டில் பிறந்தவைதான் மாணிக்கக் கற்களும். மழை பாறையைக் கரைக்க, ஓடைகள் கற்களை அடித்துக்கொண்டு போயின. நல்லதண்ணிப் பாதையால் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களுக்கு மலையின் மறுபக்கச் சரிவு இரத்தினபுரிக்குப் போவது தெரியும். களுகங்கைப் பள்ளத்தாக்கில், சேற்றுக்கும் களிக்கும் அடியில் அந்தக் கற்கள் கலந்த சரளை படிந்து கிடக்கிறது. குழி வெட்டுகிறவர்கள் அதை 'இல்லம்' என்பார்கள்.

சதுரமாக வெட்டி, மரம் கட்டி, மண் சரியாமல் பன்னச்செடி செருகி இறங்கும் குழி அது. மேலே வந்த இல்லத்தைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவும்போது, நீலக்கல்லோடு எப்போதாவது ஒரு பல்லும் வரும். கறுத்துக் கனத்த கடைவாய்ப் பல். தேய்ந்த பரப்பில் மூவிதழ்க் கோலம் இருந்தால் அது நீர்யானை.

ஆம், இரத்தினபுரியில் நீர்யானை வாழ்ந்தது, காண்டாமிருகமும் வாழ்ந்தது. பனியுகங்களில் கடல் வடிந்து பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. இந்தியாவிலிருந்து விலங்குகள் நடந்தே வர முடிந்தது. சிங்கம் கொடியில் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி: குருவிட்டவில் கிடைத்த இரண்டே பற்களை வைத்து, 1939இல் பி. இ. பி. தெரணியகல இலங்கைச் சிங்கம் ஒன்றுக்குப் பெயர் சூட்டினார். கொழும்பு அருங்காட்சியகத்தை நடத்திய அவர், 1958இல் இலங்கையின் பிளைஸ்டோசீன், அதாவது பனியுகக் காலம் பற்றித் தனி நூலே எழுதினார்.

பல் எந்த ஆழத்தில், எந்தப் படிவில் இருந்தது என்று தெரிந்தால்தான் அதன் வயதைச் சரியாகச் சொல்லலாம். கூடைக்கு வந்து சேருமுன்பே அந்தத் தகவல் கலைந்துவிடுகிறது. குழிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கல் விற்றால் காணிக்காரருக்கு, அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு, தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொடுத்தவருக்கு, குழிக்குள் இறங்கியவர்களுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். பல்லுக்குப் பங்கு கிடையாது. கழிவுச் சரளையோடு சேர்த்துக் கொட்டிவிட்டு, அடுத்த கூடையைக் கழுவப் போவார்கள்.