‘வந்தால்’ என்றொரு சொல்

ஜேர்மன் மொழி வகுப்பிற் சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘இஹ் மெஹ்டெ’ என்னும் தொடரைக் கற்றுக்கொண்டோம். தேநீர் வேண்டும், பயணச்சீட்டு வேண்டும் எனப் பணிவாகக் கேட்பதற்குரிய தொடர் அது. அது நிபந்தனைக்குரிய வினைவடிவங்களுள் ஒன்று என்பதை அறிய எனக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. விரும்புதற் பொருளுடைய ‘மேகன்’ என்ற வினையின் இறந்தகால வடிவம் ‘மொஹ்டெ’ என்பதாகும். அதன் உயிரெழுத்தின்மேல் இரண்டு புள்ளிகளை இட்டால் ஒலி திரிந்து ‘மெஹ்டெ’ ஆகும். பொருளோ இறந்தகாலத்தை விட்டு நீங்கி, ‘விரும்புவேன்’ எனும் தயக்கம் கலந்த வேண்டுகோளாகிவிடும்.

இவ்விரு புள்ளிகளே என்னைப் பெரிதும் கவர்ந்தவை. தமிழிற் புள்ளி மெய்யெழுத்தின் மேலேறி அதற்கு உயிரில்லை எனக் காட்டும். ஜேர்மன் மொழியில் அது உயிரின்மேல் ஏறுகிறது. ஏறியதும் நடந்தது நடவாததாகிறது. ‘ஹட்டெ’ என்றால் இருந்தது. ‘ஹெட்டெ’ என்றால், இல்லாத ஒன்று இருப்பதாக எண்ணிப் பார்த்தல். ‘வார்’, ‘வேரெ’ ஆவதும் ‘காம்’, ‘கேமெ’ ஆவதும் இவ்வாறே. எல்லா வினைகளும் இதற்கு இணங்குவதில்லை. ‘மாஹ்டெ’ போன்ற ஒழுங்கான வினைகளின் இறந்தகாலமும் நிபந்தனை வடிவமும் ஒன்றாகவே நிற்பதால், ‘வுர்டெ’ என்ற துணைவினை அங்கே கைகொடுக்க வருகிறது. பேச்சு வழக்கில் அத்துணைவினையே மிகுதியும் ஆளப்படுகிறது.

எண்ணிப் பார்ப்பதற்கு இறந்தகாலம் எதற்கு எனச் சில நாட்கள் மலைத்தேன். பின்னரே நம்முடைய சொல் நினைவுக்கு வந்தது. ‘வந்தான்’ என்பதிலுள்ள அதே ‘வந்த்’ அன்றோ ‘வந்தால்’ என்பதிலும் உள்ளது! தொல்காப்பியர் வினையெச்சங்களுள் வைத்துக் கூறும் ‘செயின்’ என்னும் வாய்பாட்டில், அதாவது ‘வரின்’ என்பதில், இவ்விறந்தகால அடி இல்லை. நாமோ நாளை வரவிருப்பவரைப் பற்றிக் கூறும்போதும் இறந்தகால அடியையே எடுத்தாளுகிறோம். கண்முன் இல்லாததைச் சொல்ல இரு மொழிகளும் இறந்தகாலத்தின் தொலைவையே நாடியிருக்கின்றன போலும்.

ஒற்றுமை இவ்வளவில் நின்றுவிடுகிறது. ‘எனக்கு நேரம் இருந்தால் வருவேன்’ என்று தமிழில் ஒருவர் கூறினால், அவர் வரக்கூடியவரா, நேரமில்லை என்பதை நயமாகத் தெரிவிக்கிறாரா என்பதை அவருடைய முகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். ஜேர்மன் மொழியில் அதற்கு இடமில்லை. ‘வென் இஹ் ட்ஸைட் ஹாபெ’ எனில் வரக்கூடும். ‘வென் இஹ் ட்ஸைட் ஹெட்டெ’ எனில் நேரமில்லை. சொல்பவர் தாம் நம்புகிறாரா இல்லையா என்பதை வாக்கியத்தின் முற்பாதியிலேயே வெளியிட்டாக வேண்டும். (அம்முற்பாதியில் வினை ஈற்றில் நிற்பது தமிழர்க்கு எளிது. காற்புள்ளியைத் தாண்டியதும் பிற்பாதி வினையோடு தொடங்குவதைத்தான் என் நா இன்னும் ஏற்க மறுக்கிறது.)

ஒருநாள் ஆசிரியை, வீட்டிற் கேட்ட நிபந்தனை வாக்கியம் ஒன்றை மொழிபெயர்த்து வருமாறு பணித்தார். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ‘அவன் வந்தால் கிணத்தடி வேலியை அடைப்பான்’ என்பது எங்கள் அம்மம்மா அடிக்கடி கூறும் வாக்கியம். ‘அவன்’ என்றது என் மாமாவை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் அவரைப்பற்றி எத்தகவலும் இல்லை. அவ்வேலி பலமுறை உக்கிப் பலமுறை அடைக்கப்பட்டுவிட்டது. வாக்கியம் மட்டும் மாறவில்லை.

கொப்பியைத் திறந்துவைத்து நெடுநேரம் இருந்தேன். ‘வென் எர் கேமெ’ என எழுதினால், வருவார் என்பதில் நம்பிக்கையில்லை என்றாகும். ‘வென் எர் கெகொமன் வேரெ’ எனில் வரவில்லை, கதை முடிந்தது. அம்மம்மாவின் ‘வந்தால்’ இவ்விரண்டையும் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் அச்சொல்லினுள்ளேதான் வாழ்ந்து வருகிறார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. இரு புள்ளிகளை இடுவதா, விடுவதா என்பதை அவருக்காகத் தீர்மானிக்க நான் யார்?

மீந்தது ‘வென் எர் கொம்ட்’ என்னும் சாதாரண நிகழ்கால வடிவம். அகராதியைப் புரட்டியபோது, முன்பே படித்தும் கருத்தில் பதியாத செய்தியொன்று கண்ணிற் பட்டது. ‘வென்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. ‘வென் எர் கொம்ட்’ என்பதை ‘அவன் வந்தால்’ எனவும் கொள்ளலாம். ‘அவன் வரும்போது’ எனவும் கொள்ளலாம். ஐயத்தை மட்டுமே உணர்த்த விரும்புவோர்க்கு ‘ஃபல்ஸ்’ என வேறொரு சொல் உண்டு. அத்தனை கறாராகத் தோன்றிய மொழி, இந்த ஓரிடத்தில் தமிழைவிடவும் தாராளமாக இருந்தது.

அதையே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை முற்பாதியைத் தொடவில்லை. பிற்பாதியில், பழக்கத்தினால் ஈற்றில் வைத்துவிட்ட வினையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, காற்புள்ளிக்கு அடுத்த இடத்துக்கு அம்புக்குறி இட்டிருந்தார்.